பழைய டாஸ் கம்ப்யூட்டருக்கு முறையான லைசென்ஸோட கமாண்ட் ஷெல் தேடிப் போடறது எப்படி

பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு கைக்கு வந்திருக்கு, ஸ்விட்சைப் போட்டா மெமரி கணக்கு ஓடுது, டிஸ்க் சத்தம் கேக்குது, அப்புறம் "பேட் ஆர் மிஸ்ஸிங் கமாண்ட் இன்டர்பிரட்டர்"னு ஒரு வரி வந்து அங்கேயே நின்னுடுது. இல்லன்னா சிஸ்டம் நல்லாத்தான் ஏறுது, ஆனா அதுல இருக்கிற காப்பி எங்கேருந்து வந்ததுன்னு யாருக்கும் தெரியல, ஃப்ளாப்பி மேல பேனாவால "டாஸ்"னு மட்டும் எழுதி இருக்கு. ரெண்டு நிலைமையிலயும் புதுசா வர்றவங்க பெரும்பாலும் நெட்ல தேடி முதல்ல வர்ற ஜிப் ஃபைலை இறக்கிப் போட்டுடறாங்க. அதுக்கு அவசியமே இல்ல. பழைய சிஸ்டத்துக்கு முறையான லைசென்ஸோட, அதுவும் காசு இல்லாமலே, நல்ல ஷெல் (நீங்க டைப் பண்ற கட்டளையை வாங்கிச் செய்யற ப்ரோக்ராம்) கிடைக்குது, எந்த வெர்ஷன் எந்த லைசென்ஸ்ல வருதுன்னு பாத்து எடுக்கணும், அவ்வளவுதான். இங்க பெரும்பாலும் ஐபிஎம் பிசி வகை மெஷின்ல ஓடற டாஸ்ங்கற பழைய ஆபரேட்டிங் சிஸ்டம் பத்தித்தான் சொல்லப்போறேன், ஏன்னா புதுசா வர்றவங்க கையில அதிகமா இருக்கிறது அதுதான். சிபி/எம், யூனிக்ஸ், அமிகா, அட்டாரி வச்சிருக்கவங்களுக்கும் கீழ கொஞ்சம் இருக்கு.

ஷெல்லை மட்டும் தனியா மாத்தலாம்

டாஸ்ங்கறது ஒரே ஃபைல் இல்ல. எம்எஸ்-டாஸை எடுத்துக்கிட்டா ஐஓ.சிஸ், எம்எஸ்டாஸ்.சிஸ்னு ரெண்டு மறைஞ்ச ஃபைல் இருக்கும், கர்னல் வேலையை, அதாவது டிஸ்க்கையும் மெமரியையும் நடத்தற அடிப்படை வேலையை, அதுங்க பாத்துக்கும். நீங்க டைப் பண்றதை வாங்கி, டிர், காப்பி, டெல் மாதிரி கட்டளையைச் செஞ்சு, பேட்ச் ஃபைலை (கட்டளைங்களை வரிசையா எழுதி வச்ச ஃபைல்) வரி வரியா ஓட்டறது கமாண்ட்.காம்ங்கற தனி ப்ரோக்ராம். இந்தக் கமாண்ட்.காம்தான் ஷெல். டாஸ் 2.0ல இருந்தே கான்ஃபிக்.சிஸ் ஃபைல்ல "ஷெல்="னு ஒரு வரி எழுதி வேற ஷெல்லைப் போட்டுக்க வழி இருக்கு, அதாவது மாத்திக்கறதுக்கான கதவை மைக்ரோசாஃப்ட்டே திறந்து வச்சிருந்தாங்க. அதை நம்பித்தான் வேற கம்பெனிக்காரங்களும் தனி ஆளுங்களும் ஷெல் எழுதினாங்க, அதுல நல்லது சிலது இன்னிக்கும் கிடைக்குது.

இதுல ஒண்ணை மறக்கக் கூடாது. ஷெல்லுக்கு லைசென்ஸ் இருக்குங்கறதால கர்னலுக்கும் இருக்குன்னு ஆகிடாது. திருட்டு காப்பி எம்எஸ்-டாஸ் 6.22 மேல ஜி.பி.எல்ங்கற இலவச சாஃப்ட்வேர் லைசென்ஸ்ல வர்ற ஷெல்லை ஏத்தினா ஷெல் சுத்தம், கீழ இருக்கிறது சுத்தம் இல்ல. கர்னலுக்கும் உங்ககிட்ட உரிமை இல்லன்னா ரெண்டையும் சேத்து மாத்திடறதுதான் சரி, அதுக்கும் வழி இருக்கு.

முதல் படி: மெஷினைத் தெரிஞ்சுக்கோங்க

தேட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நாலு விஷயம் ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க. என்ன சிபியூ, 8088ஆ, 286ஆ, 386ஆ. எவ்வளவு மெமரி. ஃப்ளாப்பி டிரைவ் 360 கேபியா, 720ஆ, 1.2 எம்பியா, 1.44 எம்பியா. இப்ப ஓடற டாஸ் எந்த வெர்ஷன், இதுக்கு "வெர்"னு டைப் பண்ணா போதும், சொல்லிடும்.

இது ஏன் முக்கியம்னா, எக்ஸ்எம்எஸ், அதாவது முதல் 1 எம்பிக்கு மேல இருக்கிற மெமரி, 286லயும் அதுக்கு மேலயும்தான் உண்டு. சில ஷெல் தன்னோட பெரும்பகுதியை எக்ஸ்எம்எஸ்ல போட்டுட்டு கீழ இருக்கிற 640 கேபியை உங்க ப்ரோக்ராமுக்கு விட்டுடும், 8088 மெஷின்ல அதே ஷெல்லை ஏத்தினா முழுசும் அந்த 640க்குள்ளயே உக்காந்துக்கும், அப்புறம் பெரிய ப்ரோக்ராம் எதையும் ஓட்ட இடம் இருக்காது. வெர்ஷனும் அப்படித்தான். மைக்ரோசாஃப்ட் கமாண்ட்.காம் ஆரம்பிக்கும்போதே கர்னல் வெர்ஷனைக் கேட்டுப் பாக்கும், தன்னோட ஜோடி இல்லன்னா "இன்கரெக்ட் டாஸ் வெர்ஷன்"னு சொல்லிட்டு நின்னுடும். அதனால 5.0 வெர்ஷன் மெஷினுக்கு 6.22 கமாண்ட்.காமை யாரோ கொடுத்தாங்கன்னு எடுத்துப் போட்டா சட்டப்படியும் சரியில்ல, வேலையும் ஆகாது.

ரெண்டாவது: உங்க கையில ஏற்கனவே என்ன இருக்கு

பலபேர் இதைப் பாக்காமலே தாண்டிப் போயிடறாங்க. மெஷினோட வந்த அட்டைப்பெட்டி, மேனுவல், ஒரிஜினல் ஃப்ளாப்பி, ஆத்தென்டிசிட்டி சர்டிஃபிகேட்னு ஏதாவது இருந்தா உங்களுக்கு ஏற்கனவே லைசென்ஸ் இருக்கலாம். அந்தக் காலத்துல டாஸ் பெரும்பாலும் ஓஇஎம் காப்பியாத்தான் வந்துச்சு, புது கம்ப்யூட்டரோட சேத்து மட்டும் விக்கணும்னு அட்டையிலயே அச்சடிச்சிருப்பாங்க. அந்த மெஷின் உங்ககிட்ட இருக்கு, பழைய சொந்தக்காரர் டிஸ்க்கு, மேனுவல் எல்லாத்தையும் சேத்துக் கொடுத்துட்டாருன்னா உள்ள இருக்கிற ஒப்பந்தத்தைப் படிங்க, கைமாத்திக் கொடுக்கலாம்னு எழுதி இருந்தா உங்க வேலை பாதி முடிஞ்சது. டிஸ்க் கெட்டுப்போயிருந்தாலும் ஒப்பந்தத்தையும் சர்டிஃபிகேட்டையும் தூக்கிப் போட்டுடாதீங்க, ஆதாரம்னு உங்ககிட்ட இருக்கிறது அதுதான்.

ஹார்ட் டிஸ்க்ல இருக்கிற கமாண்ட்.காம் எதுன்னு தேதியும் சைஸும் வச்சே கண்டுபிடிக்கலாம். உதாரணத்துக்கு எம்எஸ்-டாஸ் 6.22ல இருக்கிறது 54,645 பைட், தேதி 1994 மே 31, நேரம் 6:22. நேரத்துலயே வெர்ஷன் நம்பரைப் போடறது அவங்க வழக்கம். உங்க மேனுவல் 5.0ன்னு சொல்லுது, டிஸ்க்ல இருக்கிறது 6.22ன்னா நடுவுல யாரோ அப்கிரேட் போட்டிருக்காங்க, அந்த அப்கிரேட்டுக்கு ஆதாரம் இருக்கான்னு பாக்கணும்.

எது லைசென்ஸ் கிடையாது

இதை நான் கொஞ்சம் அழுத்தமாவே சொல்றேன், ஏன்னா இந்த இடத்துலதான் நல்ல எண்ணத்தோட வர்றவங்களே தடுமாறிடறாங்க. "அபாண்டன்வேர்"னு ஒரு வார்த்தையை எல்லாரும் சர்வசாதாரணமா சொல்றாங்க, கம்பெனி விக்கிறதை நிறுத்திட்டா யார் வேணா எடுத்துக்கலாம்ங்கற மாதிரி. சட்டத்துல அப்படி ஒரு வகையே இல்ல. இந்த ஷெல்லை எழுதின கம்பெனிங்க பெரும்பாலும் அமெரிக்கக் கம்பெனிங்க, அங்க கம்பெனி பேர்ல வெளியான படைப்புக்குப் பொதுவா வெளியான வருஷத்துல இருந்து 95 வருஷம் காப்பிரைட் உண்டு, அப்ப 1981ல வந்த டாஸுக்கே 2076 முடியற வரைக்கும் கணக்கு இருக்கு. விக்கிறதை நிறுத்தினது ஒரு விஷயம், உரிமையை விட்டுக்கொடுத்தது வேற விஷயம், ரெண்டாவது நடந்துச்சுன்னா எங்கேயாவது எழுத்துல இருக்கும்.

ஷேர்வேரும் அதே மாதிரிதான். இலவசமா இறக்கிக்கலாம், கொஞ்ச நாள் ஓட்டிப் பாக்கலாம், அப்புறம் பணம் கட்டிப் பதிவு பண்ணணும்னு அதுல ஒரு ஃபைல் இருக்கும். பணம் வாங்க ஆளே இல்லாம கம்பெனி மூடிட்டாங்கன்னா அது தானா இலவசம் ஆகாது. நிஜமாவே வருத்தமான நிலைமைதான், ஆனா அந்த ஷெல்லை விட்டுட்டு வேற பாக்கறது நல்லது, ஏன்னா வேற இருக்கு.

இன்னொண்ணு, விண்டோஸ் எக்ஸ்பி மெஷின்ல ஃப்ளாப்பியை ஃபார்மேட் பண்ணும்போது "எம்எஸ்-டாஸ் ஸ்டார்ட்அப் டிஸ்க்"னு ஒரு டிக் இருக்கும், அதைப் போட்டா விண்டோஸ் எம்ஈ காலத்து டாஸ் 8.0 கமாண்ட்.காம் வரும். நிறையபேர் இதை எடுத்துப் பழைய மெஷின்ல நிரந்தரமா போட்டுக்கறாங்க. அது விண்டோஸ் லைசென்ஸோட ஒரு பகுதியா வர்ற ஃபைல், தனியா ஒரு டாஸ் லைசென்ஸ் அதோட வரல. அவசரத்துக்கு பூட் பண்ணி பயாஸ் அப்டேட் பண்றதுக்குத்தான் அது.

மூணாவது: எது கிடைக்குது, எது உங்களுக்குப் பொருந்தும்

ஃப்ரீகாம். ஃப்ரீடாஸ் திட்டத்தோட கமாண்ட்.காம் இது. மைக்ரோசாஃப்ட் டாஸை நிறுத்தப்போறாங்கன்னு தெரிஞ்சதும் 1994 ஜூன் 29 அன்னிக்கு ஜிம் ஹால்ங்கறவர் இலவச டாஸ் ஒண்ணு எழுதலாம் வாங்கன்னு அறிவிச்சார், அப்ப அவர் கல்லூரி மாணவர். 1.0 வெர்ஷன் வர 2006 ஆச்சு, 1.3 வெர்ஷன் 2022 பிப்ரவரியில வந்துச்சு, 1.4 வெர்ஷன் 2025ல. ஃப்ரீகாம் ஜி.பி.எல் லைசென்ஸ்ல இருக்கு, வீட்டுல, ஆஃபீஸ்ல, விக்கிற மெஷின்ல எங்க வேணாலும் போடலாம், யார்கிட்டயும் அனுமதி கேக்க வேண்டாம். பழைய கட்டளையைத் திரும்பக் கூப்பிடறது, டேப் அடிச்சா ஃபைல் பேரை நிரப்பறது, ஏலியாஸ் வைக்கிறது எல்லாம் உள்ளயே உண்டு. 386லயும் 286லயும் எக்ஸ்எம்எஸ் ஸ்வாப் இருக்கிற பில்டை எடுத்தீங்கன்னா மெமரி விஷயத்துல பிரச்சனை இல்ல. 8088க்கு அவ்வளவு பொருத்தம் இல்ல, மேல சொன்ன காரணம்தான்.

கர்னலுக்கும் லைசென்ஸ் இல்லாதவங்களுக்கு என் பரிந்துரை இதுதான், ஃப்ரீடாஸ் கர்னல், ஃப்ரீகாம் ரெண்டையும் சேத்தே போட்டுடுங்க. ரெண்டும் ஜி.பி.எல், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பழகினது. ரொம்பப் பழைய மெஷினுக்குன்னே 1.3ல ஃப்ளாப்பி எடிஷன்னு தனியா கொடுத்திருக்காங்க, சிடி டிரைவ் இல்லாத மெஷினுக்கு அதை எடுங்க.

ஸ்வார்காம். ஸ்வார்டாஸ்ங்கற சின்ன டாஸ் தொகுப்போட ஷெல், எம்.ஐ.டி லைசென்ஸ். எம்.ஐ.டிங்கறது ரொம்ப எளிமையான லைசென்ஸ், காப்பிரைட் வரியை எடுக்காம வச்சிருந்தா போதும், மத்தபடி என்ன வேணா செஞ்சுக்கலாம். இது 8086லயும் ஓடணும்னு நினைச்சே எழுதினது, சைஸ் சின்னது, மெமரியில கொஞ்சமாத்தான் தங்கும். எக்ஸ்டி வகை (8088) மெஷின் வச்சிருக்கவங்க முதல்ல இதைத்தான் முயற்சி பண்ணணும்.

4டாஸ். ஜேபி சாஃப்ட்வேர் 1989ல கொண்டுவந்த ஷெல், டாஸ் காலத்துல வந்த ஷெல்லுங்கள்லயே ரொம்ப வசதியானது இதுதான்னு சொல்லலாம். ஃபைலுக்கு விளக்கம் எழுதி வச்சுக்கலாம், டிர் கட்டளைக்கு எக்கச்சக்க ஆப்ஷன், பி.டி.எம்னு முடியற வேகமான பேட்ச் ஃபைல், உள்ளயே நல்ல ஹெல்ப். நார்ட்டன் யுட்டிலிட்டீஸ்ல என்டாஸ்னு வந்தது இதோட இன்னொரு உருவம்தான். இதோட லைசென்ஸ் கதையை மட்டும் நிதானமா படிக்கணும். பல வருஷம் ஷேர்வேரா இருந்துச்சு, அப்புறம் கம்பெனியே இலவசமாக்கினாங்க, சோர்ஸ் கோடையும் வெளிய விட்டாங்க. சோர்ஸ் வந்தது எம்.ஐ.டி லைசென்ஸை மாத்தி எழுதின ஒரு லைசென்ஸ்ல: ஃப்ரீடாஸ் தவிர வேற ஓஎஸ்ஸுக்காகக் கம்பைல் பண்ண எழுத்துல அனுமதி வேணும், விக்கிற பொருள்ல சேக்கறதுக்கும் அனுமதி வேணும். இந்த ரெண்டு நிபந்தனை இருக்கிறதால இதை முழு ஓப்பன் சோர்ஸ்னு சொல்ல முடியாது. ஃப்ரீடாஸ் மேல சொந்த உபயோகத்துக்குப் போடறவங்களுக்கு இது தடையே இல்ல. கடை வச்சுப் பழைய மெஷினை சரிபண்ணி விக்கறவங்க இதைச் சேத்து விக்கறதா இருந்தா நிறுத்தி யோசிக்கணும். பழைய சிடியில இருக்கிற 5.0, 6.0 மாதிரி ஷேர்வேர் வெர்ஷனை எடுத்தா அந்த வெர்ஷனுக்கு அப்ப எழுதின ஒப்பந்தம்தான் அதோட வருது, அதனால இலவசமாக்கின வெர்ஷனையே எடுங்க.

மைக்ரோசாஃப்ட்டோட ஒரிஜினலே வேணும்னா. இதுவும் இப்ப ஓரளவுக்கு முடியும். 2014 மார்ச்ல கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம் மூலமா ரொம்பப் பழைய எம்எஸ்-டாஸ் சோர்ஸை வெளியிட்டாங்க, ஆனா அப்ப அது வியாபாரம் இல்லாத உபயோகத்துக்கு மட்டும். 2018 செப்டம்பர்ல அதே 1.25, 2.0 வெர்ஷன் சோர்ஸை கிட்ஹப்ல எம்.ஐ.டி லைசென்ஸோட போட்டாங்க. 2024 ஏப்ரல்ல ஐபிஎம்மோட சேர்ந்து 4.00 சோர்ஸையும் அதே எம்.ஐ.டியில கொடுத்துட்டாங்க. கமாண்ட்.காமோட அசெம்ப்ளி கோட் எல்லாத்துலயும் இருக்கு. 4.00 கர்னலையும் ஷெல்லையும் அந்த சோர்ஸ்ல இருந்து பில்ட் பண்ணிப் போட்டா முழுக்க சட்டப்படியான மைக்ரோசாஃப்ட் டாஸ் உங்ககிட்ட இருக்கும், அதுல எனக்கு உண்மையாவே சந்தோஷம், ஒரு காலத்துல இதெல்லாம் நடக்கும்னு யாரும் நினைக்கல. ஆனா புதுசா வர்றவங்களுக்கு இது முதல் வேலையா வேண்டாம், அசெம்ப்ளர், லிங்கர்னு எல்லாம் பழகணும்.

முக்கியமா, 3.3, 5.0, 6.22 இதெல்லாம் இந்த வெளியீட்டுல கிடையாது. "எம்எஸ்-டாஸ் ஓப்பன் சோர்ஸ் ஆகிடுச்சு"ன்னு யாராவது சொல்லி 6.22 டிஸ்க் இமேஜ் கொடுத்தா வாங்காதீங்க. லைசென்ஸ் ஒட்டறது வெர்ஷனோட, பேரோட இல்ல.

டிஆர்-டாஸ். டிஜிட்டல் ரிசர்ச் எழுதி, 1991ல நாவெல் வாங்கி, 1996ல கால்டெரா வாங்கி, அப்புறம் வேற வேற கை மாறினது. 1997ல ஓப்பன்டாஸ் 7.01னு ஒரு வெர்ஷனை சோர்ஸோட கால்டெரா வெளியிட்டாங்க, வியாபாரம் இல்லாத உபயோகத்துக்குன்னு நிபந்தனை போட்டு. பேர்ல "ஓப்பன்" இருக்கேன்னு ஏமாறக் கூடாது. அந்தக் குறிப்பிட்ட வெர்ஷனோட லைசென்ஸ் ஃபைலைப் படிச்சு, உங்க உபயோகம் அதுக்குள்ள வருதுன்னா தாராளமா எடுத்துக்கோங்க.

ஐபிஎம் பிசி டாஸ் 7, பிசி டாஸ் 2000 இதுக்கெல்லாம் ஒரிஜினல் பெட்டி இருந்தா மட்டும்தான்.

நாலாவது: இறக்கறதும் படிக்கறதும்

எழுதினவங்களோட இடத்துல இருந்தே இறக்குங்க. ஃப்ரீடாஸுக்கு அவங்க சொந்தத் தளமும் ஐபிபிலியோ காப்பகமும் இருக்கு, எம்எஸ்-டாஸ் சோர்ஸுக்கு கிட்ஹப்ல மைக்ரோசாஃப்ட் கணக்கு இருக்கு. மூணாவது ஆள் தளத்துல இருந்து எடுத்தா ரெண்டு தொல்லை, ஒண்ணு லைசென்ஸ் ஃபைலை எடுத்துட்டு வெறும் கமாண்ட்.காமை மட்டும் வச்சிருப்பாங்க, இன்னொண்ணு அது எந்த வெர்ஷன்னே நிச்சயமா சொல்ல முடியாது. செக்சம் (ஃபைல் மாறாம வந்திருக்கான்னு சரிபாக்கற எண்) கொடுத்திருந்தா ஒத்துப் பாருங்க.

இறக்கினதும் ஜிப்பைத் திறந்து லைசென்ஸ், காப்பியிங், ரீட்மீ மாதிரி பேர்ல இருக்கிற ஃபைலைத் தேடுங்க. மூணு கேள்வி மனசுல வச்சுப் படிங்க: நான் இதை உபயோகிக்கலாமா, எந்த மெஷின்ல எந்த வேலைக்கு? அடுத்தவங்களுக்குக் கொடுக்கலாமா? கொடுத்தா கூட என்னென்ன கொடுக்கணும்? பதில் மூணும் அந்த ஃபைல்ல இல்லன்னா அந்த ஷெல்லை விட்டுடுங்க. அப்புறம் முழு ஜிப்பையும் அப்படியே, எங்கேருந்து எடுத்தீங்க, எந்தத் தேதின்னு ஒரு சின்ன குறிப்போட ஒரு ஃபோல்டர்ல போட்டு வச்சுடுங்க.

அஞ்சாவது: பழைய மெஷினுக்குக் கொண்டுபோறது

யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் இருந்தா 1.44 டிஸ்க்ல காப்பி பண்ணிக்கலாம். 360 கேபி, 1.2 எம்பி டிரைவ் இருக்கிற மெஷினுக்கு ஃப்ளாப்பி இடத்துல கோட்டெக் எமுலேட்டரை (ஃப்ளாப்பி டிரைவ் மாதிரியே நடிச்சு யூஎஸ்பி ஸ்டிக்ல இருந்து படிக்கற கருவி) போடறது சுலபம். ஐடிஈ ஹார்ட் டிஸ்க் இருக்கிற மெஷினுக்கு காம்பேக்ட் ஃப்ளாஷ் அடாப்டர். எம்எஸ்-டாஸ் 6 ரெண்டு பக்கமும் இருந்தா இன்டர்லிங்க்னு ஒரு வசதி இருக்கு, கேபிள் போட்டு நேரா அனுப்பிடலாம். ஃபைல் பேர் எட்டு எழுத்து, புள்ளி, மூணு எழுத்துக்குள்ள இருக்கணும், இல்லன்னா வெட்டுப்பட்டு வரும்.

நிஜ மெஷின்ல போடறதுக்கு முன்னாடி 86பாக்ஸ் இல்லன்னா க்யூஎம்யூங்கற, பழைய மெஷினை சாஃப்ட்வேர்லயே நடிச்சுக் காட்டற எமுலேட்டர்ல ஒரு தடவை ஏத்திப் பாத்துடுங்க. டாஸ்பாக்ஸ் இந்த சோதனைக்கு அவ்வளவு உதவாது, ஏன்னா அதுக்குன்னு சொந்த ஷெல்லும் சொந்த டாஸும் உள்ளயே இருக்கு, உங்க கர்னல் மேல என்ன நடக்கும்னு அது காட்டாது.

ஆறாவது: பொருத்தறது

அவசரப்பட்டுப் பழைய கமாண்ட்.காமை அழிக்காதீங்க. முதல்ல பூட் ஆகற ஃப்ளாப்பி ஒண்ணு தயார் பண்ணி, அது நிஜமாவே பூட் ஆகுதான்னு பாத்துட்டு எதுவும் எழுத முடியாதபடி ரைட்-ப்ரொடெக்ட் பண்ணி ஓரமா வச்சுடுங்க. கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட் ரெண்டையும் வேற பேர்ல காப்பி எடுத்துக்கோங்க.

புது ஷெல்லுக்குத் தனி டைரக்டரி போட்டு அங்க வைங்க. இப்ப இருக்கிற ஷெல்லுக்குள்ள இருந்தே, அந்த டைரக்டரிக்குப் போய், புது ஷெல்லை சாதாரண ப்ரோக்ராம் மாதிரி ஓட்டுங்க. அது ரெண்டாவது ஷெல்லா மேல ஏறும், அதுக்குள்ள இருந்து டிர் அடிச்சுப் பாருங்க, உங்க பேட்ச் ஃபைல் நாலஞ்சை ஓட்டிப் பாருங்க, பிடிக்கலன்னா "எக்ஸிட்" அடிச்சா பழைய ஷெல்லுக்கே வந்துடுவீங்க. எதுவும் மாறி இருக்காது. இந்த ஒரு சோதனையைப் பண்ணிட்டாலே பாதிப் பிரச்சனை முன்கூட்டியே தெரிஞ்சிடும்.

திருப்தியா இருந்தா கான்ஃபிக்.சிஸ் ஃபைலைத் திறந்து "ஷெல்="னு ஒரு வரி எழுதணும். சமக்குறிக்கு அப்புறம் புது ஷெல்லோட முழுப் பாதை டிரைவ் எழுத்துல ஆரம்பிச்சு, அடுத்து அது இருக்கிற டைரக்டரி, அதுக்கப்புறம் ரெண்டு ஸ்விட்ச். ஸ்லாஷ் ஈ போட்டு கோலன் போட்டு ஒரு எண், என்விரான்மென்ட்டுக்கு (பாத் மாதிரி அமைப்பெல்லாம் தங்கற மெமரி இடம்) எத்தனை பைட் ஒதுக்கணும்னு. எம்எஸ்-டாஸ் 5, 6ல எதுவும் சொல்லலன்னா 256 பைட்தான் கிடைக்கும், பாத் கொஞ்சம் நீளமா இருந்தாலே பத்தாது, 512 இல்லன்னா 1024 போடுங்க. அடுத்தது பெர்மனென்ட்டுக்கு உள்ள ஸ்லாஷ் பி, இதை விட்டுட்டா ஆட்டோஎக்ஸெக்.பேட் ஓடாது, எக்ஸிட் அடிச்சா மெஷின் தொங்கிடும், அதனால கண்டிப்பா வேணும். ஃப்ரீடாஸ்ல கான்ஃபிக்.சிஸ்ஸுக்கு பதிலா எஃப்டிகான்ஃபிக்.சிஸ் இருக்கும், ஆட்டோஎக்ஸெக்குக்கு பதிலா எஃப்டிஆட்டோ.பேட், அந்தப் பேட்ச் ஃபைல் பேரை ஸ்லாஷ் பியோட சேத்தே எழுதிடலாம். 4டாஸுக்கு ஸ்விட்ச் கொஞ்சம் மாறும், தன் அமைப்பை 4டாஸ்.ஐஎன்ஐ ஃபைல்ல வச்சுக்கும், அதோட ஹெல்ப்பைப் பாத்து எழுதுங்க.

அப்புறம் காம்ஸ்பெக். கமாண்ட்.காம் ரெண்டு பகுதியா மெமரியில இருக்கும், ஒரு சின்னப் பகுதி எப்பவும் தங்கும், பெரிய பகுதி மேல இருக்கும், பெரிய ப்ரோக்ராம் ஓடினா அந்த இடத்தை அது எடுத்துக்கும். ப்ரோக்ராம் முடிஞ்சதும் ஷெல் தன்னோட பெரிய பகுதியை டிஸ்க்ல இருந்து திரும்ப ஏத்தும், எந்த ஃபைல்ல இருந்துன்னு காம்ஸ்பெக்ங்கற வேரியபிள்தான் சொல்லுது. அது பழைய ஃபைலைக் காட்டிக்கிட்டு இருந்தா பூட் நல்லா ஆகும், ஒரு ப்ரோக்ராமை ஓட்டி வெளிய வந்ததும் மெஷின் நின்னுடும், காரணமும் புரியாது. அதனால பூட் ஆனதும் "செட்" அடிச்சு காம்ஸ்பெக் புது ஷெல்லைத்தான் காட்டுதான்னு பாத்துடுங்க. ஆட்டோஎக்ஸெக்குக்குள்ள யாராவது பழைய காம்ஸ்பெக் வரி எழுதி வச்சிருந்தாலும் இதே தொல்லை வரும்.

பழைய கமாண்ட்.காமை ரூட் டைரக்டரியிலயே விட்டு வைங்க. எம்எஸ்-டாஸ் 6ல பூட் ஆகும்போது எஃப்5 அழுத்தினா கான்ஃபிக்.சிஸ்ஸையே தாண்டிப் போயிடும், அப்ப அந்தப் பழைய ஷெல் கைகொடுக்கும். முன்னாடி வெர்ஷன்ல இந்த வசதி இல்ல, அதனாலதான் ஃப்ளாப்பியை முதல்லயே தயார் பண்ணச் சொன்னேன்.

ஒரு வாரம் வழக்கமான வேலைக்கு உபயோகிச்சுப் பாருங்க. "மெம்" அடிச்சு முன்னாடி எவ்வளவு மெமரி காலியா இருந்துச்சு, இப்ப எவ்வளவுன்னு ஒப்பிடுங்க. எடிட்டர், அக்கவுண்ட்ஸ் ப்ரோக்ராம் மாதிரி உள்ள இருந்தே டாஸுக்குப் போற வசதி இருக்கிறதை எல்லாம் போய்ட்டு வந்து பாருங்க. பேட்ச் ஃபைல்ல எர்ரர்லெவல், ஃபார், கால், ரீடைரக்ஷன் இருக்கிற வரிங்களை தனியா கவனிங்க. 4டாஸ்ல மேல்நோக்கின கூம்புக்குறி ரெண்டு கட்டளையைப் பிரிக்கற குறியா இருக்கும், பின்சாய்ந்த மேற்கோள் குறிக்கும் தனி அர்த்தம் உண்டு, பழைய பேட்ச் ஃபைல்ல இதுங்க இருந்தா தப்பா ஓடும், அமைப்புல வேற குறியை மாத்திக்கலாம்.

டாஸ் இல்லாத மெஷினுங்க

சிபி/எம் வச்சிருக்கவங்களுக்கு நல்ல செய்தி. 2001ல அப்ப உரிமை வச்சிருந்த லினியோ கம்பெனி ஒரே ஒரு தளத்துக்கு மட்டும் விநியோக அனுமதி கொடுத்த மாதிரி எழுதி இருந்ததால பல வருஷம் குழப்பமா இருந்துச்சு. 2022 ஜூலைல உரிமை வச்சிருக்கிற டிஆர்டாஸ் நிறுவனம் அந்த அனுமதி எல்லாருக்கும் பொருந்தும்னு தெளிவாக்கிட்டாங்க, அப்ப சிபி/எம்மும் அதோட ஷெல்லான சிசிபியும் உபயோகிக்கலாம், மாத்தலாம், கொடுக்கலாம். இசட்80 மெஷின்னா 1982ல வந்த இசட்சிபிஆரையும் பாருங்க, 8080ல அது ஓடாது.

யூனிக்ஸ்ல 2002 ஜனவரியில கால்டெரா பழைய வெர்ஷனுங்களை, அதாவது ஏழாவது எடிஷன் வரைக்கும், 32வியையும் சேத்து, பி.எஸ்.டி மாதிரி லைசென்ஸ்ல விட்டாங்க. 1979ல வந்த ஏழாவது எடிஷன்ல ஸ்டீஃபன் போர்ன் எழுதின போர்ன் ஷெல் இருக்கு. சிஸ்டம் த்ரீ, சிஸ்டம் ஃபைவ் அந்த லைசென்ஸ்ல வராது, சிஸ்டம் ஃபைவ் வழி போர்ன் ஷெல் வேணும்னா 2005ல ஓப்பன்சோலாரிஸ் மூலமா சி.டி.டி.எல் லைசென்ஸ்ல வந்ததை எடுக்கணும். கார்ன் ஷெல்ல 88 வெர்ஷன் கம்பெனி சொத்து, 93 வெர்ஷன் 2000ல திறந்து விட்டது, பிடிகேஎஸ்ஹெச் பெரும்பாலும் பொது உடைமை. பாஷ் 3.2 வரைக்கும் ஜி.பி.எல் ரெண்டாவது வெர்ஷன், 4.0ல இருந்து மூணாவது, பழைய கம்பைலர்ல பில்ட் பண்றவங்க 3.2க்குக் கீழயே தேடறது வழக்கம்.

அமிகாவுக்குக் காசு கொடுத்து வாங்கற வழி திறந்தே இருக்கு, க்ளோவான்டோவோட அமிகா ஃபாரெவர், ஹைபீரியனோட 3.1.4, 2021ல வந்த 3.2 எல்லாத்துலயும் ஷெல் சேர்ந்தே வரும். அட்டாரி எஸ்டிக்கு ஜி.பி.எல்ல எமுடாஸ் (EmuTOS), அதுக்குள்ளயே எமுகான்னு ஒரு கமாண்ட் லைன். ஓஎஸ்/2 ஆளுங்க 2017ல இருந்து விக்கிற ஆர்காஓஎஸ்ஸைப் பாக்கலாம்.

மெஷினை வேற ஒருத்தருக்குக் கொடுக்கும்போது

விக்கிறதோ சும்மா கொடுக்கறதோ, ஷெல்லோட சேத்துக் கொடுத்தா நீங்க அதை விநியோகிக்கறீங்கன்னு அர்த்தம், அப்ப லைசென்ஸ்ல இருக்கிற கடமையும் உங்களுக்கு வரும். ஃப்ரீகாம், ஃப்ரீடாஸ் கர்னல் இருந்தா அதே வெர்ஷனோட சோர்ஸ் ஜிப்பையும் காப்பியிங் ஃபைலையும் ஒரு டிஸ்க்லயோ ஹார்ட் டிஸ்க்ல ஒரு டைரக்டரியிலயோ போட்டுக் கொடுங்க. எம்.ஐ.டி ஷெல்லுக்கு லைசென்ஸ் ஃபைல் கூட இருந்தா போதும். 4டாஸ் இருந்து, நீங்க காசுக்கு விக்கிறீங்கன்னா எடுத்துட்டு ஃப்ரீகாமைப் போட்டுக் கொடுத்துடுங்க. ஓஇஎம் டாஸ்னா டிஸ்க்கு, மேனுவல், சர்டிஃபிகேட் எல்லாத்தையும் கொடுத்துடணும், நீங்க எடுத்து வச்சிருந்த காப்பியையும் அழிச்சிடணும். முன்னாடி போட்டு வச்சீங்களே, எங்கேருந்து எந்தத் தேதியில எடுத்ததுன்னு எழுதின அந்த ஃபோல்டர், அதையும் அதே டிஸ்க்ல காப்பி பண்ணிக் கொடுத்துடுங்க, வாங்கறவருக்கு இந்தத் தேடல் மொத்தமும் மிச்சம்.